பச்சைப் பட்டை

கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்குகள் இருக்கும் தெருவில் ஒருவன் என்னைப் பின்தொடர்கிறான்.

நேற்று லாட்ஜில் ஒரு ஜப்பானியப் படத்தை விசிடியில் பார்த்தேன். ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டத் துடிக்கும் இரண்டு கூலிக் கொலையாளிகள். கறுப்பு உடை, திரும்பிப் பார்க்காத நடை. பார்த்ததன் பலன், இந்தப் புழுக்கத்தில் நானும் முழுக்கைக் கறுப்புச் சட்டையோடு அப்படியே நடக்கிறேன்.

சாயாக்கடை பெஞ்சிலிருந்து நான் எழுந்தது முதல் அவன் வருகிறான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. நான் வேகம் கூட்டினால் அவனும் கூட்டுகிறான். படத்தில் என்றால் கொலையாளி நின்று எதிரியை நேருக்கு நேர் பார்ப்பான். நான் ஓடுகிறேன். சுக்கு மூட்டை தடுக்கி விழுகிறேன்.

அவன் மூச்சிரைக்க வந்து நிற்கிறான்.

"அண்ணா, எத்தன தடவ விளிச்சேன்! எதுக்கு ஓடுறீங்க?"

"நீங்க யாரு?"

"பெயின்டர். இப்பதான் அடிச்ச பெஞ்சுல போயி இருந்துட்டீங்களே."

காகிதத்தைப் பிரிக்கிறான். உள்ளே மண்ணெண்ணெய் பாட்டிலும் கந்தல் துணியும். சட்டையைக் கழற்றிப் பார்க்கிறேன். முதுகில் அகலமாக மூன்று பச்சைப் பட்டைகள். மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, பனியனோடு நிற்கும் என்னை வேடிக்கை பார்க்கிறார்கள்.

அவன் சட்டையைத் துடைத்தபடி கேட்கிறான்: "அண்ணன் சினிமாவுல காமெடி வேஷம் பண்ற ஆளா? உங்க நடை கண்டப்பவே தோணுச்சு."

ஊரில் நான் கணக்கு வாத்தியார். அதைச் சொன்னால் அந்த நடைக்கும் இந்த ஓட்டத்திற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"ஆமா தம்பி," என்கிறேன். "சின்னச் சின்ன வேஷம்தான்."