கரியாலூரில் நான் கட்டிய புற்று விடுதி

நான் படித்தது நாலாம் வகுப்பு. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே நைனார்பாளையத்தில் செங்கல் சூளை போட்டேன். கள்ளக்குறிச்சியில் பாதி வீடுகள் என் கல்லில்தான் நிற்கின்றன. மீதியில் விரிசல் விட்டிருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட நான், அருவி பார்க்க வருபவர்கள் தங்குவதற்காக, இருந்த ஒரே கரும்புக் கொல்லையை விற்று, மலைமேல் இருக்கும் கரியாலூரில் விடுதி கட்டினேன். வரைபடம் போட்டவர் சென்னைக்காரத் தம்பி, வெளிநாட்டில் படித்தவர். காட்டோரம் இருந்த கரையான் புற்றைக் காட்டி, "ஐயா, இதுதான் நம்ம பில்டிங். அடியில துளை, உச்சியில துளை. சூடு மேல போயிடும், குளிர்ந்த காத்து கீழ இருந்து வரும். ஏசியே வேணாம்" என்றார். புற்றைக் கட்டிய கரையானுக்குக் கூலி கிடையாது. பார்த்து வரைந்தவருக்கு மட்டும் கார் வாடகை வரை என் தலையில்.

செம்மண் பூசி, கூம்பு கூம்பாக எழுந்தது. உள்ளே சித்திரையிலும் போர்வை கேட்டது உண்மை. மலைக்காற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்றேன், தம்பிக்குப் பிடிக்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குத் திறப்பு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், சுவரெல்லாம் மஞ்சள், குங்குமம். பெண்கள் வரிசையில் நின்று, அடித் துளைகளில் பால் ஊற்றி, முட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா பண்றீங்க? இது லாட்ஜு" என்றேன்.

"லாட்ஜுன்னு நீங்க சொல்லிக்கினு இருக்கீங்க. ஆத்தா அப்டி நெனக்கலயே. மொதல்ல செருப்பக் கழட்டுங்க" என்றார் முன்னால் நின்ற அம்மாள்.

நம் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டுமே என்று என் வீட்டம்மாவைத் தேடினேன். வரிசையில் பால் சொம்போடு நின்றாள்.

"ஏங்க, புத்துக்குள்ள கால நீட்டிக்கினு எவன் படுப்பான்? நீங்க படுப்பீங்களா?"

லாரிக்காரர்களையே நடுங்க வைத்தவன் நான். அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

தம்பிக்கு போன் போட்டேன். "கீழ் துளைய மட்டும் அடைக்க விடாதீங்க ஐயா, காத்து நின்னுடும்" என்றார். கவலையே வேண்டியிருக்கவில்லை. அவர் படிப்பு வீண்போகவில்லை. இரண்டே நாளில், அடியில் அழுகிய முட்டை நாற்றம், கரண்டுச் செலவில்லாமல் உச்சி வரை தானாக ஏறியது.

பதினெட்டு அன்று சின்னசேலத்திலிருந்து ஒரு குடும்பம் பெட்டிகளோடு வந்து இறங்கியது. குடும்பத் தலைவர் செருப்பைக் கழற்றினார், கற்பூரம் ஏற்றினார், என் சுவரைச் சுரண்டிப் புற்றுமண் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், "பெரியவரே, இங்க புதுசா லாட்ஜு தொறந்துகிறாங்களாமே, எங்க?" என்று கேட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கான்கிரீட் விடுதியை நானே கைகாட்டினேன். அங்கே ஏசி உண்டு.