ஆளில்லாத பனிப் படங்கள்

இன்று காலை மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையும் ஈரக் காகித வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. ரங்கூன் மழைக்காலத்தில் காகிதத்தைக் காப்பாற்ற நினைக்கிறவன் அரைப் பைத்தியம். நான் வைத்திருப்பதோ ஜப்பான் காகிதம், அதிலும் பனி. மரப்பலகையில் செதுக்கி, சாயம் தடவி, கையால் அழுத்தி எடுத்த குளிர்காலப் படங்கள். ஜூஸ் கடை ஐஸ் கட்டியைத் தவிர வேறு பனியைக் கண்டறியாத எனக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள்.

இங்கே பசுந்தாங் பேட்டையில் ஒரு படச்சட்டக் கடையில் வேலை பார்த்தபோது, ஒருவர் அப்படியொரு படத்தைச் சட்டம் போடக் கொண்டுவந்தார். பனி மூடிய வயல், ஒரு வேலி, அவ்வளவுதான். பனி இருந்த இடத்தில் சாயமே இல்லை, வெறும் காகிதம். ஒன்றுமே வரையாத இடம் இத்தனை குளிருமா! பக்கத்தில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்த முருகேசன் எட்டிப் பார்த்தான்.

"என்னடா இது, எழவு வீடு மாதிரி இருக்கு" என்றான்.

அதே முருகேசன்தான் பிறகு ஜப்பானுக்கு மீன் ஆலை வேலைக்குப் போனான். வடக்கே, பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிற ஊர். பக்கத்துக் கிராமத்தில் இப்போதும் மரத்தில் செதுக்கி அச்சடிக்கிற ஓர் அம்மாள் இருந்தார். குளிர்காலம்தோறும் அவரிடம் ஒரு படம் வாங்கி, ரங்கூனுக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: படத்தில் ஆள் இருக்கக் கூடாது. பெரிய ரசிகன் என்ற நினைப்பு எனக்கு.

ஐந்தாவதாக வந்த படத்தில் ஒரு தனி வீடு. வாசலிலிருந்து இளநீலத்தில் காலடித் தடங்கள் கிளம்பி, மரங்களுக்கு முன்னால் நின்றுவிட்டன. திரும்பி வந்த தடம் இல்லை. அவசரக்குடுக்கை நான், கண்ணாடி போடும் முன்பே கூடத்தில் மாட்டிவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுச் சுவரில் சட்டத்துக்குள் இருப்பது ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்துப்போனவர்கள். அக்கா குளித்துவிட்டு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், இதற்கும் வைத்துவிட்டாள். சரியாகத் தடங்கள் முடிகிற இடத்தில்.

"ஆளே இல்லாத படத்துக்கு எதுக்குக்கா பொட்டு?"

"அங்க யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு தம்பி."

ஈரத் துணியால் துடைத்தேன். படக்கடைக்காரன் செய்கிற வேலையா அது! குங்குமம் கரைந்து பனிமேல் பரவியது. வந்த ஆத்திரத்தில் முருகேசனைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"நாசமாப் போச்சுடா. அதே படம் இன்னொண்ணு வேணும்."

"ஏன்டா உசிரை எடுக்குறே? ஞாயித்துக்கெழம போய் வாங்கியாறேன். இங்க பனி பேய் மாதிரி கொட்டுது, தெரியுமா?"

"கொடுத்து வச்சவன்டா நீ" என்று சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் வாங்கப் போனவன் திரும்பவில்லை. அவனோடு தங்கியிருந்த பர்மாக்காரர் போனில் சொன்னார்: அவர்கள் தங்கியிருந்த வீட்டு வாசலிலிருந்து தடம் தெரிந்ததாம், மரங்கள் வரைக்கும் போனதாம், அப்புறம் இல்லையாம். பனி உருகிய பிறகும் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு காகிதத்துக்காக நான்தான் அவனை வெளியே அனுப்பினேன்.

அதன்பின் அக்கா வெள்ளிதோறும் குங்குமச் சிமிழோடு அந்தப் படத்தின் முன்னால் நிற்பாள். "வச்சுடவா தம்பி? அந்தப் பிள்ளைக்குன்னு நாம ஒண்ணுமே செய்யலியே." வைத்துவிட்டால் அவன் செத்தவனாகிவிடுவான். வேண்டாம் என்பேன். அவளுக்குப் பதில் சொல்லி மாளாமல் ஒருநாள் படத்தைக் கழற்றி, மற்ற நான்கோடு பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

இன்று திறந்தால், நான்கும் நன்றாக இருக்கின்றன. ஐந்தாவதில் வீடு இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன, தடங்கள் இல்லை. குங்குமக் கறையும் இல்லை. அந்த நீலம் ஈரம் தாங்காது, போயிருக்கும். தொழில் தெரிந்தவன், எனக்குத் தெரியாதா? ஆனாலும் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத் தடத்தைத் தேடினேன்.

இன்றும் வெள்ளிதான். சிமிழோடு பின்னால் வந்து நின்ற அக்கா படத்தை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அவன் இன்னும் வீட்டை விட்டே கெளம்பலியா தம்பி?" என்று சிமிழை மூடினாள்.

படம் வேண்டாம்டா, வெளியே போகாதே என்று சொல்ல, என்னை அறியாமல் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்திவிட்டேன். அப்படி ஓர் எண் இல்லை என்றுதான் இருக்க வேண்டும், ஜப்பானிய மொழியில் ஒரு பெண் குரல் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.