ஆறு நிமிட நடை

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள்: என் மனைவி. அவள் தம்பி. என் அக்கா. டாக்டரம்மா. நான்.

மனைவிக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற நோய். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவள். இப்போது தலை சீவினாலே மூச்சு வாங்குகிறது. இருக்கிற மருந்து நோயை மெதுவாக்கும், நிறுத்தாது. அதோடு சேர்த்துப் புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார்கள். அதில் சேர ஆறு நிமிடத்தில் நூற்றைம்பது மீட்டராவது நடக்க வேண்டும். அதற்கு முன் நாலு வாரம் வெளி மருந்து தொடக் கூடாது.

மச்சான் வடபழனியில் யாரிடமோ கறுப்பு லேகியம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொன்னேன்.

"பத்து பேருக்கு நல்லாகீது மாமா. நானே பாத்தேன்."

"நல்லாகாதவனைப் பாத்தியா?"

"அவன் எதுக்கு மறுபடி அங்க வர்றான்?"

அதைத்தான் கேட்டேன். அவனுக்கு ஏறவில்லை.

அக்கா வேறு பக்கம். "பாதி பேருக்கு வெறும் மாவு மாத்திரையாமே. இவளுக்கு மாவு வந்தா இன்னாடா பண்ணுவ?"

நானும் டாக்டரம்மாவிடம் அதைக் கேட்டிருந்தேன். "யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா, நல்லாயிட்டாங்கன்னு நானே நினைச்சுக்குவேன்" என்றார். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் லேகியக்காரர் ஒரு நாளும் தெரியாது என்று சொன்னதில்லை.

நாலு வாரம் முடிந்த அன்று மனைவி வராந்தாவில் நடந்தாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இருநூற்று ஐந்து மீட்டர். அக்கா கும்பிட்டாள்.

மச்சானுக்கு வாய் நிற்கவில்லை. "பாத்தீங்களா மேடம், நம்ம லேகியத்தை. காலைல டீல கலந்து குடுத்தேன்."

"அதான் கசந்துதா, பாவி" என்றாள் மனைவி.

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். மறுபடி நாலு வாரம் என்றார்.

"நல்லாத்தான மாமா நடந்துச்சு? இன்னா தப்பு?"

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வீடு திரும்பும்போது என் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள். "நாலு வாரம் போனா என்னால அவ்ளோ நடக்க முடியுமா?"

"தெரியாது" என்றேன்.

அதன் பிறகு டீ நான்தான் போட்டேன். மச்சானை வாசலோடு அனுப்பினேன். கோபித்துக்கொண்டான். கோபித்துக்கொள்ளட்டும். லேகியத்தை விட்டதால்தான் இளைக்கிறாள் என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள். நோய் ஏறியதா, லேகியம் தாங்கியிருந்ததா, கேட்டேன். ஒருத்தரை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

அடுத்த முறை நாங்கள் இருவர் மட்டும் போனோம். இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றாள். கூட நடக்கக் கூடாது, பேசக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறு நிமிடம் முடிந்தது, போதும் என்றார் டாக்டரம்மா. அவள் நின்ற இடம் வரை அளந்து வாசித்தார்.

நூற்று ஐம்பத்து மூன்று.