கிணற்று விரால்

திருவனந்தபுரத்தில் கிணற்றுக்கு வலை போட்டு மூடுவார்கள், இலை விழாமல் இருக்க. நம் திருநெல்வேலிப் பக்கம் வலை என்றால் மீனுக்குத்தான். கரமனைக்குக் குடிவந்த புதிதில் என் வீட்டுக்காரி இசக்கியம்மாள் அதைப் பார்த்து, "தண்ணி என்ன பறந்தா போயிரும்?" என்று சிரித்தாள். ஆனால் அவளுக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை. கடலும் காயலுமாகக் கிடக்கிற ஊர், எல்லாம் உப்பு என்பாள். ஒருதடவை ஊருக்குப் போனவள், எங்கள் குளத்து விரால் குஞ்சு ஒன்றைத் தூக்குவாளியில் போட்டு ரயிலில் கொண்டுவந்து கிணற்றில் விட்டாள். வழியெல்லாம் குழம்பா, குழம்பா என்று கேட்டார்களாம். அது கை நீளத்துக்கு வளர்ந்தது. சாயங்காலம் ஒரு பிடி சோறு போட்டால் மேலே வந்து வாய் திறக்கும். "இந்த ஊர்ல நல்ல தண்ணி தேடுற சீவன் நாங்க ரெண்டு பேருதான்" என்பாள்.

போன வருஷம் அவள் காலமானாள். சோறு போடுகிற வேலை என்னிடம் வந்தது.

இந்த மழையில் ஆற்றுவெள்ளம் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது. அதே தண்ணீரைக் குடிக்கிற கீழ்வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சள்காமாலை. கிணற்றில் போட பிளீச்சிங் பவுடரோடு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

"மீன் செத்துப்போகும் தாயி. என் வீட்டுக்காரி கொண்டுவந்தது."

"அவர் எவிடே, அப்பூப்பா?"

"போயிட்டா."

"சாரமில்ல. வரட்டே, சோதிச்சிட்டு இடாம்" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கி வெளியே போயிருக்கிறாள், வந்ததும் கேட்டுவிட்டே போடலாம் என்று நினைத்துவிட்டாள். கீழ்வீட்டில் பிள்ளை வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வாளியை இறக்கிச் சோற்றைப் போட்டேன். விரால் என்னை நம்பி வாளிக்குள் வந்துவிட்டது.

கரமனை ஆறு அன்று செக்கச்செவேலென்று ஓடியது. அதில் விட்டால் கடலில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். ஆட்டோக்காரர் சசி, "வெள்ளாயணிக் காயல்ல விடாம், அண்ணாச்சி" என்றார்.

"காயல்னா உப்பாச்சே."

"நல்ல வெள்ளமாணு. குடிச்சு நோக்கு!" இந்த ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

தாமரை இலைகளுக்கு நடுவே குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்பே இல்லை. இத்தனை வருஷமாக ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது. இசக்கியை ஒருநாள் கூட்டிவந்து காட்டியிருக்கலாம். வாளியைச் சாய்த்தேன். விரால் கரையோரமே கொஞ்சநேரம் நின்றது. பிறகு இலைக்கு அடியில் போய்விட்டது.

கிணற்றில் பவுடர் போட்டு, மறுபடி வலையும் போட்டாயிற்று. சாயங்காலமானால் கை தன்னால் சோற்றை அள்ளிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஊருக்கும் பஸ் உண்டு, வெள்ளாயணிக்கும் பஸ் உண்டு. அந்தப் பிடிச் சோற்றோடு நான் கிணற்றடியிலேயே நிற்கிறேன்.