வியாழக்கிழமை லாரிகள்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அவர் சமையலறைக்குப் போய்க் குந்தி உட்காருவார். அங்கே கேஸ் சிலிண்டர் தரையில் இல்லை. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பழைய முள் தராசு ஒன்றின் மேல் நிற்கும். ரப்பர் குழாயின் கனம் முள்ளை இழுத்துவிடக் கூடாது என்று அதை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முள் நிற்கும் இடத்தைப் பார்ப்பார். சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் காலி எடையை மனதுக்குள் கழித்து, மிச்சத்தைச் சுவரில் சாக்கட்டியால் எழுதுவார். நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் இருநூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எழுந்திருக்கும்போதே ஒரு செருமல் வரும்.

“என்னங்க, செருமல் பலமா இருக்கு? நேத்து உங்க தங்கச்சி வந்திருந்தா. ரெண்டு தடவை டீ போட்டேன். அவளையும் தராசுல ஏத்திப் பாத்திருக்கலாம்” என்பாள் மனைவி.

குழாய்த் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ‘தராசு’ என்றால்தான் தெரியும். வாசலை ஒட்டிய எடை மேடையில் இருபத்திரண்டு வருடமாக லாரிகளை நிறுத்துப் பார்ப்பவர். லாரி காலியாக உள்ளே போகும்போது ஓர் எடை, லோடோடு வெளியே வரும்போது ஓர் எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஓட்டுநர் பீடியைக் காட்டிச் சிரித்தாலும் சரி, முதலாளியின் ஆள் வந்து முறைத்தாலும் சரி, ஒரு கிலோ கூடாது, குறையாது. அவருடைய சீட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வேறு இடத்தில் மறு எடை போடுவதில்லை. வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்கு இருந்தது இது ஒன்றுதான்.

வியாபாரம் படுத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுவதற்கு ஆறு மாதம் முன்பே அவருக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இருபது லாரி என்பது பன்னிரண்டாகி, ஏழாகி, ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றுகூட வரவில்லை. யாரும் ஏறாத எடை மேடையில் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது. பொழுது போகாமல் அதன் எடையைப் பார்த்தார். அத்தனை பெரிய மேடைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எண் அசையவில்லை.

பிறகு வேலை வாரத்துக்கு மூன்று நாள் என்றானது. சம்பளமும் பாதியானது. வீட்டுக் கடனுக்குப் பன்னிரண்டு வருடத் தவணை, எட்டு வருடம் ஓடியிருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. அந்த எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிந்தாத தவணை இப்போது மூன்று மாதம் நின்றுவிட்டது. ஆறு நின்றால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று வங்கிக் கடிதம் மரியாதையாகச் சொன்னது. பாலைப் பாதியாக்கினார். பத்திரிகையை நிறுத்தினார். சோப்பை நூல் போட்டு இரண்டாக அறுத்து வைத்தார். மகள் கல்லூரிக்கு நடந்தே போனாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மாதத்தின் இருபதாம் தேதி ஒரு சுவர் மாதிரி எதிரே வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தால் பத்து மாத முழுச் சம்பளம், ஒரே தொகை. அதே வாரம் காவலாளி வந்து அவரிடம் சொன்னான்: “வியாழக்கிழமையும் வரச் சொல்றாங்கண்ணே. லோடு இருக்காம்.”

மற்றவர்களுக்கெல்லாம் விடுமுறையான அந்த வியாழக்கிழமை அவர் மட்டும் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் பழுது பார்க்கிறார்கள் என்று பூட்டியிருந்த மூன்றாம் ஷெட் பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்தது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கேட் பாஸில் ‘சரக்கு’ என்று மட்டும் இருந்தது. பிளாஸ்டிக் குழாய் லோடு எவ்வளவு உயரமாக ஏற்றினாலும் நாலு டன்னைத் தாண்டாது. இது தாழ்வாக இருந்தது, ஒன்பது டன் காட்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்பதுதான்.

அடுத்த வியாழன் இரண்டு லாரி. அதற்கடுத்த வியாழனும்.

விருப்ப ஓய்வுக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மச்சினன் வீட்டுக்கு வந்தான். மனைவியின் தம்பி, அதே தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருந்தான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். விருப்ப ஓய்வுப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

“எழுதிக் குடுத்துடலாம்னு பாக்கறேன் மாமா.”

“அவசரப்படாத மாப்ள. எட்டு வாரத்துல பதினாலு லாரி வெளிய போயிருக்கு. நூத்தி முப்பது டன். நான் எடை போட்டது. நல்ல நாள்லயே இவ்வளவு கனமா போனதில்ல. பெரிய ஆர்டர் புடிச்சிருக்காங்க. வால்வு, இணைப்புன்னு பித்தளைச் சாமானா இருக்கும்.”

“பின்ன எதுக்கு நம்மள போகச் சொல்றாங்க?”

“ஆளக் குறைச்சுட்டு லாபத்த அள்ளறதுக்குத்தான். இருக்கறவனுக்கு ஓவர்டைமே கிடைக்கும் பாரு.”

உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள்: “வெளிய போறது சரி. உள்ள எத்தனை லாரி வந்துச்சு?”

“என்ன?”

“மூலப்பொருள் ஏதோ மூட்டை மூட்டையா வரும்னு சொல்வீங்களே. அது வருதா? டப்பாவுல போடாம எடுத்துக்கிட்டே இருந்தா எத்தனை நாளைக்கு வரும்?”

“குடோன்ல ஸ்டாக் இருக்கும். உனக்கு இதெல்லாம் புரியாது.”

“எனக்கு என்ன புரியும்? நான் பாக்கறது மூணு கிலோ டப்பா” என்று அரிசியை உலையில் போட்டாள்.

மச்சினன் சிரித்தான். “விடுக்கா. மாமா கணக்கு தப்பாது.” படிவத்தை எடுத்து ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டு, “பாத்தியா, ஒரு உபயோகத்துக்கு வந்துச்சு” என்றான். மேஜை ஆடாமல் நின்றது.

கடைசி நாளன்று அலுவலக வாசலில் பதினொரு பேர் படிவத்தோடு நின்றார்கள். அவர் கண்ணாடி அறையிலிருந்தே பார்த்தார். அவர்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலை கேட்டில் சங்கிலி தொங்கியது. நட்டம், மூடியாயிற்று. நிலமும் கட்டடமும் ஏற்கெனவே வங்கிக்கு அடமானம். பதினொரு பேருக்குப் பணம் வந்திருந்தது. மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வக்கீல் வைத்தார்கள். வழக்குக்குத் தேதி கிடைத்தது, தேதிக்குப் பிறகு இன்னொரு தேதி கிடைத்தது.

மச்சினன் எங்கோ தூரத்தில் கட்டட வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் வந்தான். “நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல மாமா” என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அதன் பிறகு அவனுடைய போன் அக்காவுக்கு மட்டும்தான் வந்தது. குழந்தை பிறந்ததைக்கூட அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

“அன்னைக்கே கேட்டேனே” என்று மனைவி ஒரு நாள் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது, வங்கியிலிருந்து வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டியபோது, தராசோடு சேர்த்துச் சிலிண்டரை வண்டியில் ஏற்றியபோது, எப்போதும் சொல்லவில்லை. சமையலறைச் சுவரில் சாக்கட்டி எண்கள் வரிசையாக நின்றன. ஏலத்தில் எடுத்தவன் வெள்ளையடித்துக்கொள்வான்.

போகப்போவது ஒற்றை அறைக்கு. இரும்புக் கட்டிலும் பீரோவும் அதில் நுழையாது. தள்ளுவண்டியில் வைத்துப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பீரோவைத் தராசில் ஏற்றச் சொன்னார்.

“ஒரு நிமிஷம். ஏத்தறதுக்கு முன்னாடியே முள்ளு ரெண்டு கிலோ பின்னாடி நிக்குது” என்றார் இவர்.

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். “எந்தக் கடையில இருந்தீங்க?”

“கடை இல்ல. குழாய் கம்பெனி எடை மேடை.”

லாரியிலிருந்து கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். “அட, கண்ணாடி ரூம் அண்ணன்! என்னைத் தெரியலயா? வியாழக்கிழமை வருவேனே.”

“தெரியுது” என்றார். முகம் தெரியவில்லை. வண்டி எண் தெரிந்தது. “அந்த பித்தளைச் சாமானெல்லாம் எந்த ஊருக்குப் போச்சு?”

“பித்தளையா?” ஓட்டுநர் சிரித்தார். “மூணாம் ஷெட் மிஷினுங்கண்ணே அது. கழட்டி, அறுத்து, தார்ப்பாய் போட்டு இங்கதான் இறக்கினோம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

கடைக்காரர் முள்ளைச் சரிசெய்தபடியே நல்ல வார்த்தையாகச் சொன்னார்: “உங்க சீட்டுதானா அது? நான் மறு எடையே போடல. அப்படியே காசு குடுத்துட்டேன். நூத்தி முப்பது டன். பின்னால வித்தப்போ பாத்தேன், ஒரு கிலோ குறையல.”