மழைக்குள் நின்ற பெண்கள்

எங்கள் தீவை விட்டுப் பெருநிலத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய் நான் சட்டைகளுக்குக் கொலர் தைத்தேன். அடுத்த மெசினில் ஊர்காவற்றுறைக் கடற்றொழில் குடும்பத்து அக்கா ஒருவர். எங்கள் வரிசையில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக ஒரேயொரு அனுமதி அட்டை. அதைக் கொண்டுபோனவர் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருநாள் கர்ப்பிணிப் பெண்ணொருத்தி அடக்க முடியாமல் கதிரையிலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டாள். குனிந்தபடி தைத்துக்கொண்டே அழுதாள். அக்கா எழுந்து அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போனார். மேற்பார்வையாளர் மறித்து அட்டையைக் கேட்டார்.

"அட்டை இல்லாட்டிலும் மூத்திரம் வரும், சேர்," என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல்.

அன்று மாலையே அவரை வேலையால் நிறுத்தினார்கள். மறுநாள் நாங்கள் பதினொரு பேர் மெசினைத் தொடவில்லை. எங்களையும் அனுப்பிவிட்டார்கள். என் ஊரான நாரந்தனையில் வீட்டோடு கிடந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தொழிலாளர் உரிமைக்காக வேலைசெய்யும் பெண்ணொருவர் நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து எங்களை அக்கா வீட்டுக்கு வரச்சொல்லி, கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ குளிர் நாடு. எங்கள் சட்டைகளை விற்கும் பெரிய கடை. கொட்டும் மழைக்குள் வாசலை மறித்தபடி வெள்ளைக்காரப் பெண்கள். ஒருத்தி பிள்ளையை நெஞ்சோடு கட்டியிருந்தாள். இன்னொருத்தி தூக்கிப் பிடித்திருந்த மட்டையில் தமிழ்: 'அவர்களைத் திரும்ப எடு'. எழுதிய எழுத்தல்ல, பார்த்துப் பார்த்துக் கீறிய எழுத்து.

அக்கா கைப்பேசியை வாங்கி முகத்தருகே பிடித்தார்.

"இவைக்கு எங்களைத் தெரியுமே?"

"தெரியாது அக்கா," என்றார் வீடியோ காட்டிய பெண்.

"தெரியாமலே இந்த மழைக்கை நிக்கினம்?"

"ஓம். மூண்டு சனிக்கிழமையா நிக்கினமாம்."

அக்கா அதைத் திரும்பவும் போடச் சொன்னார். மேற்பார்வையாளருக்கு முன்னாலும் அசையாத அந்த முகம் கலங்கியதை அன்றுதான் கண்டேன்.

இரண்டு கிழமையில் அக்காவையும் சேர்த்து எங்களைத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லித் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. அட்டை முறையையும் எடுத்துவிட்டார்களாம். ஒருத்தியை மட்டும் புருஷன் விடவில்லை. மற்ற எல்லோரும் போனோம்.

புறப்பட்ட காலையில், இறங்குதுறையடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, அந்தப் பெண்களுக்கு அனுப்பவென்று அக்கா தன் குரலைப் பதிவுசெய்தார். கடற்காற்று பாதியை அள்ளிக்கொண்டு போனது.

"தமிழிலை சொன்னால் அவைக்கு விளங்காதே, அக்கா."

"விளங்காட்டிலும் பரவாயில்லை. நான் இருக்கிறன் எண்டு தெரியட்டும்," என்றவர், சால்வையால் காற்றை மறைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.