தலையில் ஏறிய சைக்கிள் சீட்டு

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஐந்து நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தனார் விட்டுப்போனது. ஏழில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் நம்பர் பார்க்கத் தெரியும், அதற்கு மேல் எழுத்து வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேரன் எழுதுகிறான்.

இந்தப் பேச்சைக் கிளப்பியதும் அவன்தான். ஞாயிறு விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாங்கி வரை போகிறான். உட்கார முடியவில்லை என்று சீட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறான். "இது நடுவுல ஓட்டை வச்சது பாட்டி, புது டிசைன் லா" என்று காட்டினான். ஓட்டை வைத்த சீட்டை நான் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்திலேயே செய்து ஓட்டியவள் என்றேன். சிரித்தான். சிரித்துவிட்டாய் அல்லவா, உட்கார்ந்து எழுது என்றேன்.

அப்போது நாங்கள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகைகள் இருந்த சந்தில் குடியிருந்தோம். எனக்கு இருபது வயது இருக்கும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குழந்தைகள். வீட்டுக்காரருக்குத் துறைமுக வேலை போய்விட்டது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஜூரோங் பக்கம் காட்டை வெட்டி மரவள்ளிக்கிழங்கு போட்டிருந்தார். சில நாளைக்கு ஒருமுறை சைக்கிளில் போய் ஒரு மூட்டை கிழங்கு கொண்டுவருவார். அதுதான் எங்கள் ஐந்து பேருக்கும் சாப்பாடு. சைக்கிள் இல்லையென்றால் கிழங்கும் இல்லை.

சைக்கிள் என்றால் அது பேருக்குத்தான் சைக்கிள். டியூப் கிடைக்காத காலம், டயருக்குள் கயிற்றைத் திணித்திருந்தது. சீட்டுத் தோல் எப்போதோ கிழிந்துபோய் வெறும் இரும்புதான் மிச்சம். அதன் நடுவில் ஒரு ஆணி தலை நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே கோணியை மடித்துப் போட்டு ஓட்டினார். ஓட்டி ஓட்டி அவருக்கு ஒரு கட்டி வந்துவிட்டது. எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள். சைக்கிள் சீட்டில் எந்த இடம் படுமோ அந்த இடத்தில்.

மனுஷர் குப்புறப் படுத்தவர் படுத்தவர்தான். மாமியார் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி வைத்துக் கட்டினார். கட்டி பழுக்கவில்லை. மூட்டை காலியாகிவிட்டது. நாம் போகாவிட்டால் கிழங்கை வேறு யாராவது தோண்டிக்கொண்டு போய்விடுவார்கள். "நான் போறேன்" என்றேன்.

"எதுல போவ?"

"சைக்கிள்லதான் அத்தை. சின்னப் பிள்ளையில எங்கப்பா பால் சைக்கிள ஓட்டியிருக்கேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இதச் சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கலையே."

வீட்டுக்காரருடைய காக்கிக் கால்சட்டையை மாட்டி, அதற்கு மேல் பழைய புடவையை வரிந்து கட்டினேன். பட்டாளத்துக்காரன் கண்ணில் படக் கூடாது என்று மாமியார் என் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசினார். "காலத் தூக்கிப் போட்டு ஏறுறப்ப ஆளு இல்லாத இடமாப் பாத்து ஏறு" என்று சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் கோணியில் உட்கார்ந்து போனேன். வரும்போது பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வந்தேன். அடுத்த முறை தேங்காய் நாரைத் திணித்து ஒரு திண்டு தைத்தேன். மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் அரிப்பு. நடுவழியில் இறங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மரத்தின் மறைவில் நின்று சொறிந்துகொண்டேன். பிறகு குழந்தையின் இலவம்பஞ்சுத் தலையணையைக் கட்டினேன். புக்கிட் தீமா தாண்டும்போது மழை. வாளித் தண்ணீரில் உட்கார்ந்த மாதிரியே வீடு வந்து சேர்ந்தேன்.

"கொஞ்சம் பின்னால தள்ளி உக்காந்து பாரேன்" என்று குப்புறப் படுத்தபடியே யோசனை சொன்னார் வீட்டுக்காரர்.

"நீங்க பேசாதீங்க. உங்களுக்குத்தான் கட்டி" என்றேன்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தலையில் ஏற்றும்போதுதான் உறைத்தது. தலையில் சும்மாடு இருக்கிறதே. துணியை முறுக்கி வட்டமாகச் சுற்றினால் எத்தனை கனத்தையும் தாங்கும், நடுவில் ஓட்டையும் இருக்கும். அந்த ஓட்டைக்குள் ஆணி அடங்கிவிடும். வீட்டுக்காரரின் பழைய வேட்டியை முறுக்கிப் பெரிய சும்மாடாகச் சுற்றித் தைத்தேன். சந்தில் ஓட்டிப் பார்த்தபோது, குழியில் இறங்கினால் ஆணி எட்டிப் பார்த்தது. மாமியாரின் கிழிந்த ரவிக்கையைப் பந்தாகச் சுருட்டி ஓட்டையில் திணித்துத் தைத்துவிட்டேன். சீட்டோடு சேர்த்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "தலையில வைக்கிறதக் கொண்டுபோய் எங்க வைக்கிறா பாரு" என்றார்.

மறுநாள் விடியலில் கிளம்பினேன். ஜூரோங் வரை சொகுசுதான். கார் வைத்திருந்த துரைசானிகூட அப்படிப் போயிருக்க மாட்டாள். கிழங்கைத் தோண்டி மூட்டை கட்டி, பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

காலையில் ஈ காக்கை இல்லாத முச்சந்தியில், திரும்பும்போது ஜப்பான் சிப்பாய்கள் முளைத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, குனிந்து வணக்கம் போட வேண்டும். அன்று வணக்கத்தோடு விடவில்லை. நல்ல சைக்கிளாக இருந்தால் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற மலாய்க்காரரின் சைக்கிளும் போயிற்று. அவர் வெறுங்கையோடு நடந்து போனார்.

எனக்குப் பின்னால் ஒரு சீன அம்மா, காவடியின் இரண்டு பக்கமும் கீரைக்கூடையோடு நின்றாள். என் சீட்டைப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. "தெங்கோ. பெண்டேரா" என்றாள், உதடு அசையாமல். மலாயில் பார், கொடி என்று அர்த்தம்.

பார்த்தேன். வீட்டில் யார் பார்த்தாலும் அது சும்மாடு. இங்கே நின்று பார்த்தால் வெள்ளைத் துணி, நட்டநடுவில் வட்டமாகச் சிவப்பு. மாமியார் ரவிக்கை சிவப்பு என்று சொன்னேனா? சொல்லவில்லை. சிவப்பு. ஜப்பான்காரன் கொடியின் மேல்தான் நான் ஜூரோங்கிலிருந்து உட்கார்ந்து வந்திருக்கிறேன். சும்மாவே தலை எடுக்கிறவர்கள். இதைப் பார்த்தால் சைக்கிளா கேட்பார்கள்?

கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. அந்த அம்மா கீரை அறுக்கும் கத்தியை எடுத்து, கூடையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, ஒரே இழுப்பில் சணலை அறுத்தாள். சும்மாடு கையோடு வந்துவிட்டது. எங்கே ஒளிப்பது? யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. சிவப்பு தெரியாமல் கவிழ்த்துத் தலையில் வைத்தேன். அவளே கிழங்கு மூட்டைக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கி ஏற்றிவிட்டாள். என் முறை வந்துவிட்டது.

தலையில் மூட்டை, ஒரு கையில் சைக்கிள். எப்படிக் குனிவது? குடம் இறக்குகிற மாதிரி முதுகு வளையாமல் முழங்காலை மடக்கி இறங்கினேன். ஏய் என்கிற மாதிரி "கொரா" என்று கத்தினான் சிப்பாய். இன்னும் இறங்கினேன். கையைத் தரையைப் பார்த்து அசைத்தான். இன்னும் இறங்கினேன். கடைசியில் ரோட்டில் குந்தியே விட்டேன். தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. நிமிர்ந்தால்தானே மூட்டை நிற்கும்.

அவன் என்னை விட்டுவிட்டுச் சைக்கிளைப் பார்த்தான். ஹேண்டிலைப் பிடித்தான். போச்சு என்று நினைத்தேன். காலைத் தூக்கிப் போட்டு, ஓட்டிப் பார்க்கலாம் என்று சீட்டில் நன்றாக உட்கார்ந்தான்.

ஆணி இருந்ததை அவன் பார்க்கவில்லை.

ஒரே துள்ளல். பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவன் என்னவோ சொன்னான். மற்ற சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் சைக்கிளை என் பக்கமே தள்ளிவிட்டுப் போ போ என்று கையைக் காட்டினான். குந்தியிருந்தவள் எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வளைவு தாண்டியதும் நின்றுவிட்டேன். பின்னாலேயே அந்த அம்மாவும் வந்தாள். மூட்டையிலிருந்து நல்ல கிழங்காக எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு கட்டுக் கீரை கொடுத்தாள். இரண்டு பேரும் சிரித்தோம், சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தன் தோள்துணியால் என் முகத்தைத் துடைத்தாள். கரி அவள் துணியெல்லாம் ஆயிற்று. பிறகு அவள் வழியில் அவள் போய்விட்டாள்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் குப்புறப் படுத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தக் குலுக்கலில் கட்டி உடைந்தது. வெற்றிலை செய்யாததை அந்தச் சிப்பாயின் துள்ளல் செய்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "என் ரவிக்கைய யாரக் கேட்டு எடுத்த?" என்றார்.

எங்கள் சைக்கிள் சுகமான சைக்கிளாக இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும். ஆணியால் பிழைத்தது. நான் அந்த அம்மாவால் பிழைத்தேன். சும்மாட்டைப் பார்த்ததும் அவள் நாலடி விலகி நின்றிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவளோ பட்டாளத்துக்காரன் கண் முன்னால் கத்தியைக் கையில் எடுத்தாள். பேர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் பிள்ளைகள் ஏழு பேரும் சாப்பிட்டு வளர்ந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எழுதிவிட்டாயா தம்பி? எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. அந்த அம்மா வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.